வீக்கம் வற்றும் விதம்

பிசியோதெரபி தொழிலில் கைக்கு இருக்கும் வேலையைவிட, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லும் வாய்க்குத்தான் வேலை அதிகம். சக தொழில்காரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

குறைவதும் வற்றுவதும்

திருச்சிக்காரியான நான் தக்கலையில் கிளினிக் திறந்த புதிதில் வந்தவர் கருங்கல் ஊர்க்காரர் ஜஸ்டின். துபாயில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். விடுமுறையில் வந்து, வீட்டு முகப்பில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டப்போய், ஸ்டூலிலிருந்து விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். விடுமுறை முடிவதற்குள் அந்தக் கால் கம்பெனி பூட்ஸுக்குள் நுழையாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சில நாள் கழித்து, "வீக்கம் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"வலிதான் குறையும் டாக்டரே. வீக்கம் வத்தும்."

வேர்

அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலியோடு படுத்திருந்த தமிழ் டீச்சரிடம் அதன் பூர்வீகத்தைக் கேட்டேன். வற்றுதல் என்றால் ஈரம் சிறுகச் சிறுகக் குறைவது; வறட்சி, வறுமை எல்லாம் அதே வேரில் கிளைத்தவை என்றார். குளமும் சரி, காயப்போட்ட மிளகாயும் சரி, அவசரப்படுத்தினால் வற்றாது. ஜஸ்டினுக்கு இது உறைக்கட்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"வறுமை மட்டும் சீக்கிரம் வத்தமாட்டேங்கே டீச்சரே. அதுக்குத்தான துபாய்க்குப் போறது."

கீழோட்டு

அடுத்த முறை வந்தபோது அவர் கால்விரல்கள் மட்டி வாழைப்பழம் போல உருண்டிருந்தன. துபாய்க்குக் கிளம்பும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பாண்டேஜை விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றச் சொல்லியிருந்தேன். மனிதர் முழங்காலிலிருந்து கீழே சுற்றி இறுக்கியிருந்தார். ஏன் என்று கத்திவிட்டேன்.

"தண்ணி கீழோட்டுதான போவும் டாக்டரே? விரல் வழியா போவட்டுன்னு நெனச்சேன்."

பூட்ஸ்

அன்றிலிருந்து கட்டுப்போடும் பொறுப்பை அவர் மனைவி ஷீபாவிடம் கொடுத்தேன். தலையணைமேல் காலைத் தூக்கிவைக்கச் சொல்லி, அவர் இறக்கினால் அதட்டவும் அனுமதி கொடுத்தேன். நன்றாகவே அதட்டினார். அழுத்தினால் விழும் குழி ஆழம் குறைந்தது, பிறகு தோலில் சுருக்கம் தெரிந்தது. துபாய்க்குக் கிளம்பும் வாரத்தில் கால் பூட்ஸுக்குள் சுகமாக நுழைந்தது. ஜஸ்டின் கிளினிக் முழுக்க நடந்து காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷீபா என்னை வாசலுக்கு அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் வத்தணும்னு சொல்லுங்க டாக்டரே. ஒரு வாரம் கூட ஊர்ல நிப்பாவ."

வீக்கம் வற்றவில்லையே என்று அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வற்றிவிட்டதே என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர் இவர் ஒருவர்தான்.