ஹாரன் அடித்தால் திறக்கும் கதவு

கார் ஷெட் கதவுக்குச் சக்கரம் மாற்றும் வேலையில் கதவோடு எனக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் கதவுக்குச் சொந்தக்காரர்களோடுதான்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி, இரும்புக் கதவோடு மல்லுக்கட்டிய மகராசிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வடலூர் போகும் சாலையில் எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் ராமலிங்கம் கேட், கிரில் எல்லாம் வெல்டிங் செய்வார். நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் போய்க் கதவுச் சக்கரம் மாற்றுவது என் பங்கு. தானே புயலில் கீற்றுக் கொட்டகைகள் எல்லாம் பறந்துபோன பிறகு குவார்ட்டர்ஸ் வாசல்களில் தகர ஷெட்டுகள் முளைத்தன. அதற்குள் கார் வந்தது. ஷெட்டுக்குப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவும் வந்தது. கதவின் அடியில் இரண்டு இரும்புச் சக்கரம், அது ஓடத் தரையில் ஒரு தண்டவாளம், கதவு சாயாமல் இருக்க மேலே ஒரு சின்ன ரோலர். அவ்வளவுதான் சங்கதி. சாம்பலும் கரித்தூளும் பறக்கிற ஊரில் சக்கரம் சீக்கிரம் தேயும். இது இங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என்னைக் கூப்பிடுவதற்குள் அவர்கள் படுத்துகிற பாடு இருக்கிறதே!

தெரிந்த ஆள்

கதவை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஆரம்பத்தில் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவேன். நான் மண்டிபோட்டுக் குனிந்து, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, பேரிங் போய்விட்டது என்று சொல்வேன். கதவுக்குச் சொந்தக்காரர்கள் நான் சொல்வதைக் கேட்டு நன்றாகத் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, பக்கத்தில் டிவிஎஸ் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னங்க, மாத்திடலாமா?" என்பார்கள். குனிந்தது நான், முட்டி தேய்ந்தது எனக்கு, கேள்வி மட்டும் அவருக்கு!

ரிட்டயர் ஆகப்போகிற ஒரு பெரியவர் ஒருபடி மேலே போனார். "அந்தம்மா சொல்றது இருக்கட்டும், நீங்க சொல்லுங்க" என்று இவரைக் கேட்டார். இவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "எனக்கு வெல்டிங்தாங்க தெரியும், சக்கரத்தப் பத்தி அதுக்குத்தான் தெரியும்" என்று என்னைக் காட்டினார். பெரியவர் தலையாட்டினார். பிறகு அவரிடமே சொன்னார்: "அப்ப ஒண்ணு பண்ணுங்க, நாளைக்கு வரும்போது தெரிஞ்ச ஆளா ஒருத்தரக் கூட்டிகினு வாங்க."

காது படைத்தவர்

இருபத்தோராம் பிளாக்கிலிருந்து கலைவாணி மிஸ்டு கால் கொடுத்திருந்தாள். அந்த பிளாக்கில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். நான் போனபோது கதவைத் திறந்து காட்டினாள். திறந்தாள் என்று சும்மா சொல்கிறேன். வலது தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு அடியாக நகர்த்தினாள். கதவு ஓலமிட்டது. நான் சாக்பீஸ் எடுத்துச் சக்கரத்தின் மேல் ஒரு கோடு போட்டு, இன்னொரு தரம் தள்ளச் சொன்னேன். கதவு நகர்ந்தது, கோடு மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது. சக்கரம் சுற்றவே இல்லை என்று அர்த்தம். தண்டவாளத்தின் மேல் அதை இழுத்துக்கொண்டு போகிறாள் அவள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஷிப்டுக்கும்.

சத்தம் கேட்டு அவள் புருஷன் சேகர் வெளியே வந்தார். மைன்ஸில் பெல்ட் செக்‌ஷனில் பெர்மனென்ட். மண்ணும் கரியும் போகிற பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக ரோலர் இருக்கும்; பக்கத்தில் நடந்துகொண்டே, சத்தத்தை வைத்தே எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பாராம். அவரே சொன்னார், பெருமையாக. "அங்க அத்தன சத்தத்துல கேக்குது, இந்தச் சத்தம் காதுல வுழலைங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்மேல் இரக்கப்பட்டுச் சிரித்தார். "நான் வந்து ஹாரன் அடிக்கிறேன், கதவு தொறக்குது. அப்புறம் இதுல என்னங்க ரிப்பேர்?"

கிரீஸ் வைத்தியம்

இது வேறு பிளாக், வேறு வீடு. கதவு இறுகிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தண்டவாளத்தின் மேல் விரல் கனத்துக்குக் கிரீஸ். அந்த வீட்டு மனுஷர் வேலை செய்கிற இடத்தில் கிரீஸ் கேட்கிற மெஷின்களோடு வாழ்ந்து பழகியவர். வீட்டில் எது முனகினாலும் கிரீஸ் என்று முடிவு கட்டியிருக்கிறார். ஊர்ச் சாம்பலும் கரித்தூளும் பறந்து வந்து அந்தக் கிரீஸில் ஒட்டி, குழைந்து, கறுப்புக் களிம்பாகி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சக்கரத்தை அரைத்துத் தள்ளியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி ஒரு பெரிய உருண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தண்டவாளத்தைத் துடைத்துக் காய்ந்தாற்போல வைத்திருந்தாலே போதும், எண்ணெய் வேண்டுமானால் பேரிங்குக்கு ரெண்டு சொட்டு என்று பொறுமையாகத்தான் சொன்னேன். பொறுமை எனக்குச் சுலபமாக வராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் உருண்டையை உற்றுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "இப்பப் புரியுதுங்க. கிரீஸ் பத்தல."

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் பட்டறையில் ஸ்பேனரிலிருந்து சுத்தியல் வரைக்கும் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் இருக்கும். அன்றைக்கு அதில் கை வைக்க மாட்டோம். சரியாக அன்றைக்குத்தான் ஒருவர் போன் செய்தார். வீட்டுப் பக்கமாக ஷெட்டுக்குள் போய்க் காருக்கு மாலை போட்டு, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டது. காரைக் கிளப்பிப் பழத்தை நசுக்க வேண்டியதுதான் பாக்கி. ஷெட் கதவு திறக்கவில்லை! ஸ்பேனர் எல்லாம் பூஜையில் இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றேன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பூஜைக்காகக் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். கதவோடு சேர்த்துச் சக்கரத்துக்கு, பேரிங்குக்கு, தண்டவாளத்துக்கு, எல்லாவற்றுக்கும் ரெண்டு கோட்டிங். காய்ந்து மொத்தமும் ஒரே இரும்பாகிவிட்டது. எந்த மனுஷனாவது பேரிங்குக்குப் பெயிண்ட் அடிப்பானா என்று கேட்டேன். உள்ளே வாடிக்கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "வருஷம் பூரா ஓடுதே, அதுக்கும் ஒரு மரியாதை பண்ணலாம்னு பாத்தேங்க."

தோள்

மெயின் பஜாரில் கலைவாணியைப் பார்த்தேன். கையில் ஒரு கட்டைப்பை, அது நிறையத் தைக்காத ஜாக்கெட் துணி. கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறாளாம். வலது கை தோளுக்கு மேல் தூக்க வரவில்லை, கத்தரி பிடிக்க முடியவில்லை, தைலமும் மாத்திரையுமாக ஓடுகிறது என்றாள். தையல்தான் காரணம் என்று சேகர் முடிவு செய்து, மெஷினைப் போர்வை போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டாராம். தள்ளி ரொம்ப நாளாகிறது. வலி போகவில்லை, வாடிக்கைதான் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே இருபத்தோராம் பிளாக்குக்குப் போய்க் கதவைக் கழற்றி நடு ரோட்டில் போட்டிருப்பேன். "அவரு சொல்லாம வந்துடாதீங்கக்கா, சண்டையாயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே, வலிக்காத கையால் பையை மாற்றிக்கொண்டு கேட்டாள்: "மெஷின நான் காலாலதானக்கா மிதிக்கிறேன், தோளு எப்புடிக்கா போவும்?"

அவசரம்

தங்கைக்குப் பிரசவம் என்று கலைவாணி பண்ருட்டிக்குப் போனாள். அன்றைக்கு மதியம் சேகர் முதல் ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறார். ஷெட் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் அடித்திருக்கிறார். அப்புறம்தான் வீட்டில் ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்திருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா. இறங்கினார், தள்ளினார், செருப்பை உதறிவிட்டுத் தள்ளினார், முதுகைக் கொடுத்துத் தள்ளினார், கடைசியில் காரைப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார் என்று அந்த அம்மா சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தள்ளியபோது ரிப்பேர் இல்லை. இவர் ஒரு மத்தியானம் தள்ளியதும் ரிப்பேராகிவிட்டது. மிஸ்டு கால் கூட இல்லை, முழு காலே போட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "எமர்ஜென்சிங்க, உடனே வாங்க. இந்தக் கதவ ஒரு மனுஷன் எப்படிங்க தொறக்கறது?"

ஒற்றை விரல்

பட்டறையில் வேலை நெருக்கடி, கலைவாணி திரும்பி வந்த பிறகுதான் வர முடியும் என்று சொல்லிவிட்டேன். நெருக்கடியும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் அவரே தள்ளட்டும் என்றுதான்.

அவள் வந்த பிறகு போனேன். கதவின் ஓரத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, சேகரையே பிடிக்கச் சொல்லி போல்ட்டைக் கழற்றினேன். சக்கரம் கையோடு வந்தது. ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் சப்பட்டை. பேரிங் குண்டுகள் இருந்த இடத்தில் செந்தூள் கொட்டியது. சேகர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெல்ட்டுல இப்படி ஒண்ணு இருந்தா லைனையே நிறுத்திடுவோம்" என்றார். "அங்க நிறுத்தலாங்க. இங்க நிறுத்துனா உங்க கார் வெளியிலதான நிக்கும்" என்றேன். அவர் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு கோணும் என்று ரெண்டு சக்கரத்தையும் மாற்றினேன். மேலே இருந்த ரோலரும் புதுசு. தண்டவாளத்தைத் துடைத்தேன். சாக்பீஸ் கோடு போட்டுத் தள்ளினேன். கோடு உருண்டு உருண்டு ஓடியது. சேகர் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். கதவு சத்தமில்லாமல் போனது. இழுத்தார், வந்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "கலா, இங்க வா, பாரு! ஒத்த விரல்ல போவுது. இனிமே நான் ஹாரன் அடிச்சா உனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றார்.

ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன், நல்லவேளை.

கலைவாணி படியிலிருந்து இறங்கி வந்தாள். அவளும் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். கதவு போனது. ஓடி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை நாள் தோள் கொடுத்தோம் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். அப்புறம் அவள் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் மூலையில் கிடந்த தையல் மெஷின் பக்கம் போகத் திரும்பியபடியே சொன்னாள்: "ஆமாங்க, ரொம்ப லேசாத்தான் இருக்குது. இனிமே நீங்களே எறங்கித் தொறந்துக்கலாம்."

அன்றிலிருந்து அந்தக் கதவு ஹாரனுக்குத் திறப்பதில்லையாம். நான் பழுது பார்த்த கதவுகளிலேயே உருப்படியாக வேலை செய்வது அது ஒன்றுதான்.