இரண்டாவது படத்துக்கு முன்

சவரிமுத்து டாக்டரையா காலமாகிவிட்டார் என்று மாத்தளை பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன வாரம்கூட, "இன்னும் கொஞ்சம் நடங்க கிளாக்கர், சும்மா குந்தியிருக்காதீங்க" என்று என்னை விரட்டிய மனிதர்.

நான் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் அவர் கையால் மருந்து வாங்கியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். தூக்கத்தில் நான் கத்துவேனாம், கைகாலை வீசுவேனாம். ஒருநாள் என் மனைவி சரசுவின் பல் உடைந்தது. கனவில் நாயை விரட்டியதுதான் எனக்கு ஞாபகம். பழைய இனக்கலவரத்தில் நான் பயந்ததுதான் காரணம் என்று கோயிலில் நூல் கட்டினார்கள். ரத்தோட்டையிலிருந்து வந்த அவள் அண்ணனோ, "பொண்டாட்டிய அடிச்சிட்டு கனவுன்னு கதை விடுறீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அவளை அழைத்துப்போக அவள் பெட்டியைத் தூக்கினார்.

டாக்டரையா வந்து ஒரு கராம்பை நசுக்கி என் மூக்கருகே பிடித்தார். எனக்கு வாசனையே தெரியவில்லை. அவர் முகம் மாறியது.

"ஒரு மாசம் பொறுங்க தம்பி. வாசனையும் போயிருக்கு. இது நரம்பு வியாதியான்னு படம் எடுத்துப் பாத்துருவோம்" என்று அண்ணனிடம் சொன்னார்.

கொழும்பில் ஊசி போட்டு, இதயத்துக்குப் போகும் நரம்புகளைப் படம் எடுத்தார்கள்; இந்த வியாதி அங்கேதான் முதலில் தெரியுமாம். சில மணி நேரம் கழித்து இரண்டாவது படம். இடையில் டாக்டரையாவும் நானும் சாப்பிடப் போனோம். பொலிஸ் மறித்து அடையாள அட்டை கேட்டது. என்னுடையது ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தது; அட்டை இல்லாத தமிழன் என்று நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தேன். அண்ணனிடம் கேட்ட ஒரு மாதம் முடியப்போகிறது; அன்று படம் தவறினால் சரசு போய்விடுவாள்.

டாக்டரையா எழுந்து சிங்களத்தில் பேசினார். பிறகு என்னிடம், "நான் இங்க இருக்கேன். நீங்க கான்ஸ்டபிளோட போங்க. ஓடுங்க!" என்றார்.

படம் முடிந்து, நான் அட்டையைக் காட்டி மீட்கும்வரை அந்த மனிதர் எனக்குப் பிணையாக உள்ளே இருந்தார்.

இரண்டு படத்திலும் இதயம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. நரம்புகள் கெட்டுவிட்டன, தூக்கத் தொல்லைக்கும் அதுவே மூலம், பின்னால் பார்க்கின்சன் நடுக்கம் வரக்கூடும் என்றார் பெரிய டாக்டர். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டரையா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மச்சானிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கை பட்டது நெசம். இவரு அடிக்கல."

நடுக்கம் வந்துவிட்டது. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது வேறொரு கை. அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். சரசு இருக்கிறாள்.