கிரஷர் தூசியில் பனிமலை ஏறப் பழகியது

வெள்ளிக்கிழமை, மாலை 4.10. சாத்தூர் பேருந்து நிலையம்.

மதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். உட்கார்ந்து வந்ததற்கே முதுகு கழன்றுவிட்டது. இந்த லட்சணத்தில் நான் இமயமலை ஏறப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? வயது நாற்பத்தொன்று. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். எங்கள் ஊரில் ஏறுவதற்கு இருக்கிற பெரிய மேடே காவிரிப் பாலம்தான்.

இன்னும் ஆறு வாரத்தில், லடாக்கில், ஆறாயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு பனிச்சிகரம். வழிகாட்டியோடு போகிற சிறு குழு. வழிகாட்டி லே நகரத்துக்காரர், பெயர் தோர்ஜே. கடைசி நாள் பனிச்சரிவில் இடுப்போடு இடுப்பாகக் கயிறு கட்டித்தான் நடக்க வேண்டுமாம். முன்னால் அவர், நடுவில் ஏழாயிரம்பண்ணை மாரீஸ்வரி, கடைசியில் நான். இருவரும் தமிழ் பேசுகிறோம் என்பதுதான் எங்களைச் சேர்த்துக் கட்டியதற்குக் காரணம். நானும் அவளும் போனில் பேசியிருக்கிறோமே தவிர, நேரில் பார்த்ததில்லை.

தோர்ஜேயின் நிபந்தனை ஒன்றே ஒன்று. நான் சறுக்கினால் மாரீஸ்வரி அந்த நொடியே பனிக்கோடாரியைத் தரையில் குத்தி, அதன்மேல் குப்புற விழுந்து, என்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். நானும் அவளுக்கு அப்படியே. செய்து காட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடிவார முகாமோடு சரி, மேலே கூட்டிப்போக மாட்டார். அதற்காகத்தான் இரண்டு கோடாரிகளையும் முப்பது மீட்டர் கயிற்றையும் பெங்களூரில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆனி மாத வெயிலில் இங்கே வந்து இறங்கியிருக்கிறேன்.

4.35. ஏழாயிரம்பண்ணை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கண்டக்டரின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“ஏம்மா, பையில நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன ஆயுதம்?”

“பனிக்கோடாரிங்க. பனியில ஏறுறதுக்கு.”

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. “எங்கூர்ல ஐஸ் வேணும்னா ஐஸ்வண்டிக்காரன்கிட்டதான் வாங்கணும்” என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பேருந்தே சிரித்தது. நானும்தான்.

5.20. ஏழாயிரம்பண்ணை.

மாரீஸ்வரிக்கு முப்பத்துநாலு வயது. என் தோள் உயரம்தான் இருப்பாள். ஆனால் என் பையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். “வாங்கக்கா, சாப்பிட்டீகளா, மொகமெல்லாம் வாடிக் கெடக்கே” என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொன்னாள். பன்னிரண்டு வருடமாகப் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலை. பூச்சட்டியின் மண்கூட்டுக்குள் வெடிமருந்தை அடைத்துக் கெட்டிப்பது. அவள் கணவர் கருப்பசாமி ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். நாலு வருடத்துக்கு முன் ஊர்ப் பெண்களோடு மணாலிக்குச் சுற்றுலா போனபோது, தூரத்தில் ஒரு வெள்ளை மலையைப் பார்த்திருக்கிறாள்.

“எல்லாரும் போட்டோ எடுத்துட்டு வந்துட்டாக. எனக்கு அது மேல நின்னு இங்கிட்டுப் பாத்தா எப்டி இருக்கும்னு மண்டைக்குள்ளயே இருந்துச்சு” என்றாள்.

“அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு” என்றார் கருப்பசாமி.

ஆலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியாளை விட மாட்டார்களாம். விடுவேனா நான்! கேள்வியாகக் கேட்டுத் துளைத்தேன். வாசலில் போன், தீப்பெட்டி எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலில் செருப்பு கூடாது. ஷெட்டுக்குள் நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்க வேண்டும். நைலான் துணி ஆகவே ஆகாது, பருத்திதான். தோர்ஜே அனுப்பிய பட்டியலிலோ பருத்தி கூடவே கூடாது என்று இருந்தது! நான் கொண்டுபோன நைலான் சட்டையை அவள் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

சனிக்கிழமை, காலை 6.00. ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர்.

மூடிக்கிடக்கிற ஒரு கல்குவாரி. அதன் ஓரத்தில் கல்லுடைத்த கிரஷர் தூசி இரண்டு மாடி உயரத்துக்கு மேடாகக் குவிந்து கிடக்கிறது. சாம்பல் நிறம், கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்து சரிகிறது. கருப்பசாமி கண்டுபிடித்த இடம். வேனில் ஆளை இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் இதைப் பார்ப்பாராம். மாரீஸ்வரிக்கு மூன்று நாள் லீவு, திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருப்பதால், மலைக்குக் கேட்டு வாங்கிய லீவு போக, இப்போது அதற்குமேல் கிடைக்காது.

கயிற்றைக் கட்டிக்கொண்டோம். அவள் மேலே, நான் எட்டு மீட்டர் கீழே. கருப்பசாமி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் “பிடி!” என்று கத்திவிட்டுச் சறுக்கினேன்.

மாரீஸ்வரி கோடாரியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பக்கவாட்டில், திரும்பியே பார்க்காமல் ஓடினாள். கயிறு இழுத்து அவளும் விழுந்து, இருவரும் ஒரு மூட்டையாக உருண்டு அடிவாரம் வந்து சேர்ந்தோம். வாயெல்லாம் தூசி. கருப்பசாமி விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் முறையும் ஓடினாள். மூன்றாம் முறையும். ஐந்தாம் முறை ஓடியபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு முழங்கை தேய்ந்து, கோபம் வந்துவிட்டது.

“ஏன் மாரி, பிடின்னா பிடிக்கணும். மேல போய் இப்படி ஓடினா நான் செத்தேன்!”

அவள் உட்கார்ந்தாள். “தெரியுதுக்கா. மனசு ‘புடி’ங்குது. காலு கேக்க மாட்டேங்குது.”

அப்போதுதான் சொன்னாள். ஒரு ஷெட்டுக்கு நாலு பேர், நாலு பக்கமும் வாசல். ஒரு சத்தம், ஒரு கத்தல் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்து வாசல் வழியாக ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, யாரையும் பார்க்கக் கூடாது. சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் அது உண்மையாகவே வேண்டியிருந்தது. மூன்று பேர் ஓடினார்கள். செல்வி என்பவள் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பினாள்.

“ஓடுனதாலதான் நான் ஒங்க கூட ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன்” என்றாள் மாரீஸ்வரி.

எனக்கு வெட்கமாகிப் போயிற்று. கத்தியிருக்க வேண்டாம். கருப்பசாமி வேனிலிருந்து தண்ணீர் கேனை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, தூரப் போய் நின்றுகொண்டார். “விட்டுரலாமா மாரி?” என்று கேட்டேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “இம்புட்டுத் தூரம் வந்துட்டு அடிவாரத்துல ஒக்காந்து டீ போடுறதுக்கா நான் போறேன்? திரும்பச் சறுக்குங்கக்கா.”

சறுக்கினேன். அன்று முழுக்கச் சறுக்கினேன். அவள் முதலில் கயிறில்லாமல், மெதுவாக, நூறு தடவை கோடாரிமேல் விழுந்து பழகினாள். பிறகு கயிறோடு. கையை மார்போடு சேர்த்து, குப்புற, கால் அகட்டி. சாயங்காலம் எண்ணினால் பத்துக்கு நாலு தடவை பிடித்திருந்தாள், ஆறு தடவை ஓடியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.45. அதே மேடு.

முதல் சறுக்கலிலேயே பிடித்துவிட்டாள். இரண்டாவதும். பத்து மணிக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல், அவள் கருப்பசாமியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சறுக்கினேன். இரண்டடிகூடப் போகவில்லை, கயிறு சுண்டி இழுத்து நிறுத்தியது. மேலே பார்த்தால் மாரீஸ்வரி கோடாரிமேல் பல்லி மாதிரி ஒட்டிக் கிடக்கிறாள். அடியம்மா! நான் அந்தத் தூசியிலேயே படுத்துக்கொண்டு கைதட்டினேன். அவளை நேரில் பார்த்து மூன்று நாள்தான் ஆகிறது, ஆனால் இவளோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றியது.

அவள் சறுக்கி நான் பிடித்ததையும் சேர்த்து, 11.30-க்கு வீடியோ போயிற்று. சாப்பிடும்போது தோர்ஜேயின் பதில் வந்தது: “நல்ல பிடி. இருவரும் மேலே வருகிறீர்கள்.” மாரீஸ்வரி அதை நாலு தடவை என்னைப் படிக்கச் சொன்னாள்.

மாலை 4.00. ஏழாயிரம்பண்ணை பேருந்து நிறுத்தம்.

சாத்தூர் பஸ்ஸுக்காக நின்றோம். டீ பத்து ரூபாய், வடை எட்டு. டீக்கடையில் ஒரு பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். எதிரே நின்றிருந்த லாரி கிளம்பியது. அதன் பின்சக்கரம் வெடித்தது.

டயர்தான். ஆனால் ஒரு நொடியில் கடை காலி. தம்ளர்கள் கீழே உருண்டன. அத்தனை பேரும், ஆணும் பெண்ணும், ஆளுக்கொரு பக்கம், திரும்பிப் பார்க்காமல் வெட்டவெளிக்கு ஓடிவிட்டார்கள். நான் வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மாரீஸ்வரி தரையில் கிடந்தாள். குப்புற, கால் அகட்டி, இரண்டு கையும் மார்புக்கடியில்.

டயர் என்று தெரிந்ததும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவளைப் பார்த்தார்கள். வேறு ஊராக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். இங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. கருப்பசாமி தூக்கிவிட்டார்.

“ஏங்க, நான் ஓடலயே” என்றாள் அவள். “எல்லாரும் ஓடுனாக. நான் ஓடலயே.”

எனக்காகத்தானே பழகினாள்! நான்தானே இரண்டு நாளாகச் சறுக்கிச் சறுக்கி அவள் காலைக் கட்டிப்போட்டேன்! “மலையே வேண்டாம் மாரி, நான் தோர்ஜேகிட்டச் சொல்லிக்கிறேன்” என்றேன். அவள் சேலையில் இருந்த புழுதியைத் தட்டினாள். பிறகு போனை எடுத்து ஆலை போர்மேனைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, மாரீஸ்வரி பேசுறேன். நாளைலேர்ந்து என்னைய மருந்து ஷெட்டுல போடாதீக. தள்ளி இருக்கே, அந்த லேபில் ஒட்டுற எடத்துல போடுங்க. ... இல்ல, மேலுக்கு ஒண்ணுமில்ல. இப்ப எனக்கு ஓடத் தெரியல அண்ணாச்சி.”

எத்தனை நாளைக்கு என்று போர்மேன் கேட்டார் போலிருக்கிறது. அவள் “எப்பத் தெரியுமோ அப்பச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

பஸ் வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. கும்பகோணத்தில் இதே மலைக்காக நான் செய்த தயாரிப்பு, தினமும் நூலக மாடிப்படியில் இருபது தடவை ஏறி இறங்கியதுதான். முழங்கால் வலிக்கும், தைலம் தேய்ப்பேன், திங்கட்கிழமை அதே நாற்காலியில் போய் உட்காருவேன். நான் எதைக் கற்றுக்கொண்டாலும் என் நாற்காலிக்கு அதனால் ஓர் ஆபத்தும் வராது.

பஸ் கிளம்பும்போது மாரீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தாள். “மலைல தைரியமாச் சறுக்குங்கக்கா, நான் இருக்கேன்” என்றாள். பிறகு பின்னால் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“நான் மலைலேர்ந்து எறங்கி வந்ததும் தெனம் ஒரு வெடியக் கொளுத்திப் போட்டு என்னைய வெரட்டுங்க. நான் மறுபடி ஓடணும்.”

“வெரட்டுறேன் தாயி” என்றார் கருப்பசாமி. “நீ எறங்கி மட்டும் வந்துரு.”