டரட் பிரஸ் வாங்கப் போனது

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனிசன், வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கி, அதன் பேஸ்மென்றில் இருந்து தோட்டா செய்தார் என்றால் யார் நம்புவார்கள்? என் கணவரைத்தான் சொல்கிறேன். வேலையிடத்து வெள்ளைக்காரர்கள் மான் வேட்டைக்குக் கூட்டிப்போக, அந்தப் பைத்தியம் இவருக்கும் பிடித்துக்கொண்டது. கடைத் தோட்டாவை விடத் தான் செய்கிற தோட்டா நேராகப் போகும் என்பார். போகட்டும், எனக்கென்ன? அவர் அந்த வேலையில் இருக்கும்போது நான் கீழே இறங்கியதே இல்லை.

ஞாயிறு காலைதான் அவருடைய நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு, லண்டனில் இருக்கும் தங்கையோடு ஊர்ப்பட்ட செத்தவீட்டுக் கதையெல்லாம் கதைத்துக்கொண்டே, வெறுந் தோட்டாக் கோதுகளுக்குள் வெடிமருந்து போடுவார். ஒன்றில் கதையுங்கோ, இல்லாட்டி வேலையைச் செய்யுங்கோ என்று மேலே நின்று கத்துவேன். காதில் விழுந்தால்தானே.

போன இலையுதிர்காலம் சுட்டுப் பழகும் இடத்தில் இவர் விசையை இழுக்க, வெடிச் சத்தத்துக்குப் பதிலாக ‘டப்’ என்று மட்டும் கேட்டிருக்கிறது. அடுத்த தோட்டாவை ஏற்றப் போனவரைப் பக்கத்தில் நின்ற கூட்டாளி கையைப் பிடித்து நிறுத்தினாராம். இவர் செய்த தோட்டாவுக்குள் மருந்தே இல்லை. குண்டு வெளியே போகாமல் துவக்குக் குழாய்க்குள் இறுகி நின்றிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் துவக்கு இவர் முகத்திலேயே வெடித்திருக்கும். கூட்டாளிதான் வீட்டுக்கு வந்து சொன்னார். இவரோ ஆறுதலாக, தோட்டாவை அழுத்திச் செய்கிற பழைய பிரஸ் சரியில்லை, அதோடு போனும் வந்து குழப்பிப்போட்டது என்றார். நான் தங்கைக்காரியைத் திட்டித் தீர்த்தேன். பாவம் அவள்.

புதுப் பிரஸ் வாங்கப் போகிறேன் என்று அவர் வெளிக்கிட்டபோது நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கடை பிக்கரிங்குக்கு அங்கால். கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், பொறுமைசாலி. இரண்டு வகைப் பிரஸ்களை மேசையில் வைத்துக் காட்டினார். ஒன்று இவரிடம் இருப்பது போன்றது. எல்லாக் கோதுக்கும் ஒரு வேலையை முடித்த பிறகுதான் அடுத்த வேலை. மற்றது டரட். மேலே ஒரு வட்டத்தில் எல்லாக் கருவிகளும் பூட்டியிருக்கும். கைப்பிடியை இழுக்க இழுக்க வட்டம் தானே திரும்பும்; ஒரு தோட்டா முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவீர்கள்.

எந்த வேலையில் நிற்கிறேன் என்பதை நான் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லையா என்று இவர் கேட்டார். இல்லை, அது தானே திரும்பும் என்றார் கடைக்காரர். சற்று நேரத்தில் இவர் அதையே மறுபடியும் கேட்டார். மனிசன் இப்போதாவது கவனமாக இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதி.

ஏன் மாற்றுகிறீர்கள் என்று கடைக்காரர் விசாரிக்க, இவர் அந்த மருந்தில்லாத் தோட்டாவைப் பற்றிச் சொன்னார். கடைக்காரர் தலையாட்டினார். அது பிரஸின் பிழை இல்லை, பழசோ புதுசோ, ஒவ்வொரு கோதுக்குள்ளும் மருந்து விழுந்ததா என்று நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும் என்றார். போன் வந்ததால்தான் பிழை வந்தது என்று என் உடைந்த ஆங்கிலத்தில் நான் நடுவில் புகுந்தேன். இவர் என் கையைத் தொட்டார்.

“இஞ்சரும், அண்டைக்குப் போன் வரேல்லை.”

“அப்ப என்ன நடந்தது?”

“தெரியேல்லை. போட்டனான் எண்டுதான் நினைச்சன். இப்ப கொஞ்சக் காலமா, ஒண்டைச் செய்தனானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியுதில்லை.”

கடைக்காரருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இவர் கைப்பிடியை இழுத்தார். வட்டம் திரும்பிச் சரியான இடத்தில் நின்றது. தன்னுடைய ஞாபகத்தை இந்த இரும்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வந்திருக்கிறார். அழுகைக்கு முதல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைத் தனியாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாரே, பாவி மனிசன்.

“நீர் பக்கத்தில இருந்து பாத்தால் செய்யலாம்,” என்றார், சின்னக் குரலில்.

“வேண்டாம். இனி உது வேண்டாம்.”

சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தார். பார்க்கிங்கில் நின்று பொக்கற்றில் இருந்து கார்த் திறப்புக் கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“அப்ப இதையும் நீரே வைச்சிரும்.”

காரைப் பற்றி நான் அதுவரை நினைத்தும் பார்க்கவில்லை.