ரப்பர் செருப்பு மகாராஜா

மன்னர்களின் வரலாற்றைப் பிறந்த நட்சத்திரத்தில் தொடங்குவது மரபு. குரும்பலூர் சிங்காரவேலுவின் வரலாற்றைக் காலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. உலகம் பார்த்தது அதை மட்டும்தான். அவருக்கு முகம் என்று ஒன்று உண்டு, மீசை உட்பட நல்ல நிலையில் இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்வது நம் கடமை.

பிழைப்புக்கு அவரிடம் மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. அறுவடை சமயத்தில் அதை டிராக்டரில் மாட்டிக்கொண்டு பெரம்பலூரைச் சுற்றிக் களம் களமாகப் போவார். அந்த மிஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்கு மேலே தன் பாட்டுக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாகப் பாடிப் பாடியே தொண்டையை வளர்த்தவர். களத்துக்காரர்கள் சோளத்துக்குக் கூலி கொடுத்தார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்துக் களைத்துப் போனார்கள்.

திருவிழா வந்தால் அவர் மகாராஜா. கீழப்பழுவூர்ப் பக்கத்தில் ஒரு கோயிலில் வருஷந்தோறும் நடக்கும் 'வீரகேது மகாராஜா' நாடகத்தில், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது கறுப்பாக்கப்படும் காலம்வரை, ராஜா அவர்தான். கதை எளிமையானது. ஒரு முனிவர் அரண்மனைக்குச் சாப்பிட வருகிறார். "குளித்துவிட்டு வருகிறேன்" என்று ஆற்றுக்குப் போகிறார். "தாங்கள் வரும்வரை ஒரு பருக்கை உண்ணேன்" என்று ராஜா வாக்குக் கொடுக்கிறார். முனிவர் ஆற்றோடு அப்படியே வேறு ஊருக்குப் போய்விடுகிறார். ராஜா பட்டினி. எதிரி கோட்டையைப் பிடிக்கிறான், ராணி காட்டுக்குப் போகிறாள், ராஜா இன்னும் பட்டினி. கடைசியில் முனிவர் ஈரத் துணியோடு திரும்பி வருகிறார். சனங்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

இந்த நாடகத்தில் ஒரு சட்டம் உண்டு. ராஜா மேடைக்கு வரும்போது இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குறுக்கே ஒரு துணித் திரையை நீட்டுவார்கள். ராஜா அதன் பின்னால் நின்று தன் குலப் பெருமை, நாட்டு வளம் எல்லாம் பாடுவார். கால் மட்டும்தான் தெரியும். கடைசி அடியைப் பாடி வலது காலை ஓங்கித் தட்டினால்தான் திரையை இறக்கலாம். அதற்கு முன்னால் இறக்கினால் ஊருக்கு ஆகாது. யாருக்கு எப்போது ஆகாமல் போனது என்று கேட்டால், யாரும் இறக்கியதே இல்லையே என்பார்கள்.

இந்தப் பொற்காலத்துக்குத்தான் போன தை மாதம் ஆபத்து வந்தது. விழாக் குழுத் தலைவர் காசிநாதன் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிங்காரம், தப்பா நெனைக்காத. ஒன்னைய எத்தன பேரு ஃபாலோ பண்றான்?"

"மிஷினு போனா பின்னாடியே ரெண்டு நாய் வரும்ங்க."

"வெளையாடாதய்யா. நம்ம ஜெயப்பிரகாஷ லட்சம் பேரு ஃபாலோ பண்றான்."

ஜெயப்பிரகாஷ் அரியலூரில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். யாரோ பாடிய பாட்டுக்கு வாயசைத்து, யாரோ ஆடிய ஆட்டத்துக்குத் தோளசைத்துப் புகழ் பெற்றவன். நாடகத்தில் ஒரு வரி தெரியாது. 'சபதம்' என்று சொல்லும்போதே சிரித்துவிடுவான். அவனை ராஜாவாகப் போட்டால் பந்தல் தாங்காது என்று குழுவில் இளவட்டங்கள் சொல்கிறார்களாம்.

"மாசித் திருவிழாவுக்குள்ள ஒன் நாடகத்தப் போன்ல பத்தாயிரம் பேரு பாத்துட்டா, ராஜா நீதான். இல்லன்னா அந்தத் தம்பி. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார் காசிநாதன்.

கிரீடத்துக்கு வந்த இந்த ஆபத்தை வீட்டில் வந்து சொன்னபோது, அவருடைய மனைவி இருசம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆகவே அவர் கண்ணில் வந்த நீருக்கு அரசியல் காரணம் கற்பிக்க முடியாது.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? சின்னதா வெட்டிப் போடுவம்."

"எத?"

"நாடகத்தத்தான்."

சிங்காரவேலு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இருசம்மாளுக்கு இந்த விஷயத்தில் உள்ள தகுதியை யாரும் மறுக்க முடியாது. கல்யாணம் ஆனதிலிருந்து வருஷா வருஷம் உடுப்புப் பெட்டியோடு மேடை ஓரம் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தவர். எந்த இடத்தில் சனம் கொட்டாவி விடும், எந்த இடத்தில் டீ குடிக்க எழுந்து போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனை வருஷமாக யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"முனிவர் வந்தாரு, போனாரு, வந்தாரு. இதுக்கு எதுக்குங்க ஒரு ராத்திரி? ஒரு நிமிசம் போதும்."

"குலப் பெருமை பாடவே ஒரு நாழி ஆகும்டி!"

"குலப் பெருமைய யாரு கேட்டா? மொத மூணு நொடியில மொகத்தக் காட்டணும். இல்லன்னா வெரலால தள்ளிட்டுப் போயிருவாங்க."

"ராஜாவ வெரலால தள்ளுவானா?"

"மந்திரியவே தள்ளுறான்."

பேச்சு வார்த்தை ஒரு வாரம் நடந்தது. அந்த வாரத்தில் வீட்டில் சாம்பாருக்கு உப்பு ஒரு நாள் இருந்தது, ஒரு நாள் இல்லை. இருசம்மாள் எதிரிப் படையை நீக்கினார், சிங்காரவேலு சம்மதித்தார். ராணியை நீக்கினார், அதற்கும் சம்மதித்தார், கொஞ்சம் வேகமாகவே சம்மதித்தார். திரைப் பாட்டை நீக்கியபோதுதான் எழுந்து நின்றுவிட்டார்.

"தெரை இல்லாம வர்றவன் ராஜா இல்ல. வாடகை கேட்டு வர்றவன்."

கடைசியில் திரை இருக்கும், பாட்டு சுருங்கும் என்று ஒப்பந்தமாகி, படப்பிடிப்புக்கு ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனார்கள். டிவிஎஸ் மொபெட்டில் முன்னால் மகாராஜா முழு உடுப்பில், பின்னால் மடியில் கிரீடத்தோடு இருசம்மாள். நெடுஞ்சாலையில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரிக்காரர் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார். அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

கோட்டைக்கு உள்ளே ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "அங்கிள், ஃப்ரேம்ல வராதீங்க" என்றான் கேமராக்காரன். கோட்டையைக் கட்டியவரைப் போல நடந்து வந்த சிங்காரவேலு, அங்கிளாகி வெளியே வந்தார். மதிலுக்கு வெளியே பொட்டலில் இடம் பிடித்தார்கள். திரையின் ஒரு முனையைக் கருவேல மரத்தில் கட்டியாயிற்று. மறுமுனையைப் பிடிக்க இருசம்மாளின் தம்பி முத்துசாமி வந்திருந்தான்.

"மாமா, சீக்கிரம் பாடு மாமா. கை வலிக்குது."

"பிடிக்கவே இல்ல, அதுக்குள்ள வலியா மாப்ள?"

சுருங்கிய பாட்டைத்தான் தொடங்கினார். ஆனால் வாயைத் திறந்ததும் பழக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாத்தா பெருமை முடிந்து, பூட்டன் பெருமை முடிந்து, ஆறு, மலை, யானை, குதிரை என்று போனது. இருசம்மாள் போனைப் பிடித்தபடியே பல்லைக் கடித்தார். ஒருவழியாகக் கடைசி அடி வந்தது. வலது காலை ஓங்கித் தட்டினார். திரை விழுந்தது. மகாராஜா கண்ணை உருட்டிக் கூரையில்லாத உலகத்தைப் பார்த்தார்.

"மெமரி ஃபுல்" என்றார் இருசம்மாள்.

தட்டுவதற்கு முன்னாலேயே போன் நின்றுபோயிருந்தது. சிங்காரவேலு கிரீடத்தைக் கழற்றி மொபெட் சீட்டில் வைத்துவிட்டு, கருவேல மரத்தில் கட்டிய திரையை அவிழ்க்கப் போனார்.

அன்று சாயங்காலம், எடுத்தவரைக்கும் இருக்கட்டும் என்று இருசம்மாள் கடைசி ஒரு நிமிஷத்தை வெட்டி இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். அதில் இருந்தது ஒரு திரை. அதற்குக் கீழே சரிகைக் கரை, சலங்கை கட்டிய இரண்டு கால்கள். அந்தக் கால்களில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. பொட்டல் முழுக்க நெருஞ்சி முள். மகாராஜா செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

மறுநாள் காலையில் லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

'அண்ணே எப்ப வருவீங்க', 'செருப்பு மகாராஜா வாழ்க', 'ராஜா பாத்ரூமில் இருக்கிறாரா', 'எங்க வீட்ல கல்யாணத்துக்குக் கூப்பிட்டா இப்படித்தான் வராம நிப்பாரு எங்க மாமா' என்று கருத்துகள் குவிந்தன. கோயம்புத்தூரில் ஒருவன் போர்வையைப் பிடித்து அதற்குக் கீழே தன் செருப்புக் காலைக் காட்டினான். துபாயில் இருபது பேர் வரிசையாகக் காட்டினார்கள்.

"ஒருத்தனாவது பாட்டப் பத்திச் சொல்லியிருக்கானா?" என்றார் சிங்காரவேலு.

இருசம்மாள் தேடிப் பார்த்தார். "ஒருத்தரு சொல்லியிருக்காருங்க. சத்தத்தக் கொறச்சுப் பாக்கச் சொல்லி."

ஆனாலும் கணக்கு கணக்குதானே. பத்தாயிரம் எப்போதோ தாண்டியாயிற்று. கிரீடம் தப்பியது என்று நிமிர்ந்த நடையோடு கீழப்பழுவூருக்குப் போனார். காசிநாதன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். குழு ஒரு முடிவு எடுத்திருந்தது. நீதி வழுவாத முடிவு.

"சனம் ஒங் காலைத்தான் பாத்திருக்கு. மொகத்துக்கு அந்தத் தம்பிக்குத்தான் கூட்டம். அதனால தெரை எறங்குற வரைக்கும் நீ. எறங்கினதும் அவன். ரெண்டு பேருக்கும் நியாயம்."

"ராஜா ஒருத்தருதானங்க?"

"காலு ஒருத்தரு, மேல ஒருத்தரு. சனத்துக்கு என்ன தெரியப்போவுது? ஆங், அந்த ரப்பர் செருப்ப மறந்துறாத."

"கோயில் மேடைங்க. செருப்பா?"

"ராஜாவோட செருப்பு. ஆகும்."

ஊருக்குத் திரும்பி வந்தார். மிஷினை ஓட்டினார், பாடவில்லை. களத்துக்காரர்கள் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

மாசித் திருவிழா வந்தது. பத்து மணிக்கு மேல் மைக் போடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டதால், நாடகம் ஏழு மணிக்கே ஆரம்பம். பந்தல் நிரம்பி ரோடு வரைக்கும் ஆள். எல்லார் கையிலும் போன், எல்லாப் போனும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் குறி வைத்திருந்தன.

திரைக்குப் பின்னால் நிலைமை இது: இடுப்புக்குக் கீழே சிங்காரவேலு மகாராஜா, இடுப்புக்கு மேலே பனியன். உடுப்பின் மேல் பாதியும் கிரீடமும் ஜெயப்பிரகாஷிடம். அவன் கால் தெரியக் கூடாது என்று பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். திரையின் ஒரு முனையில் முத்துசாமி. முகத்துக்கு வேலை இல்லை என்று தெரிந்தும் சிங்காரவேலு மத்தியானமே உட்கார்ந்து முழு ஒப்பனை போட்டிருந்தார்.

திரைக்குக் கீழே நீலச் செருப்பு வந்து நின்றதும் எழுந்த விசில், பக்கத்து ஊர் நாய்களை எழுப்பியது. சிங்காரவேலு பாட ஆரம்பித்தார்.

தாத்தா பெருமை, பூட்டன் பெருமை, ஆறு, மலை. சனம் "வரல, வரல!" என்று கைதட்டியது. யானை, குதிரை. மேடையில் ராணி, "மந்திரியாரே, மன்னர் இன்னும் வரவில்லையா?" என்று கேட்டார். மந்திரி, "இதோ வந்துகொண்டிருக்கிறார் அம்மா" என்றார். எட்டு மணிக்கும் ராணி இதையே கேட்டார், மந்திரி அதையே சொன்னார்.

"அண்ணே, கால் நடுங்குது. முடிங்கண்ணே" என்றான் நாற்காலி மேலிருந்து ஜெயப்பிரகாஷ்.

"நாட்டு வளம் பாடுறேன் தம்பி. பஞ்சம் வந்த நாடா, டக்குனு முடிக்க?"

யானைகள் தீர்ந்ததும் மக்காச்சோளம் பாடினார். சின்ன வெங்காயம் பாடினார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் பஸ் நிற்கும் ஊர்களையெல்லாம் பாடி, நிற்காத ஊர்களையும் பாடினார். வெளியே ஆரவாரம் கூடிக்கொண்டே போனது. ஒன்பதரைக்குக் காசிநாதன் பின்பக்கமாக ஓடி வந்தார்.

"யோவ், கடைசி அடியப் பாடுய்யா!"

"அது வர்றப்ப வரும்ங்க."

"முத்துசாமி, தெரைய எறக்குடா!"

"கை விட்டுப்போச்சுங்க, எறக்கத்தான் ஆசை. ஆனா ஊருக்கு ஆகாதே. போன வருசம் கடைசி அடி வர்ற வரைக்கும் தெரைய எறக்கக் கூடாதுன்னு நீங்கதான எனக்குப் பாடம் எடுத்தீங்க?"

காசிநாதன் கூட்டத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலி மேல் ஆடிக்கொண்டிருந்த மகாராஜாவையும் தரையில் அசையாமல் நின்ற மகாராஜாவையும் பார்த்தார். சிங்காரவேலு ராகத்தை விடாமல், "முடி யாருக்கு, சொல்லும் தலைவரே" என்று பாட்டிலேயே கேட்டார். சனம் அதற்கும் கைதட்டியது.

"நீயே ராஜாவா வந்து தொலைய்யா!" என்று கத்தினார் காசிநாதன்.

ஜெயப்பிரகாஷ் கிரீடத்தைக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால், அரசாட்சியில் அவனுக்கு அவ்வளவு பற்று இல்லை என்றுதான் தோன்றியது. மேல் உடுப்பும் கை மாறியது. சிங்காரவேலு செருப்பை ஓரமாக உதறிவிட்டு, கடைசி அடியைப் பாடி, வெறுங்காலை ஓங்கித் தட்டினார்.

திரை விழுந்தது. முழு ஒப்பனையில் வீரகேது மகாராஜா நின்றார்.

"அடச்சே, வந்துட்டாரு!" என்றது கூட்டம். போன்கள் இறங்கின. பாதிப் பேர் எழுந்தார்கள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம். பந்தல் ஓரத்தில் போலீஸ்காரர் மைக் வயரைப் பார்த்தபடி நின்றார். சிங்காரவேலு முனிவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "வாரும், குளித்துவிட்டு வாரும், உண்ணேன்!" என்றார். எதிரிப் படை வரவில்லை. ராணிக்கு வாயைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. பட்டினியை மட்டும் விடவில்லை. சபதம் செய்த அந்த நாலு வரியைக் கண்ணில் நீர் வரப் பாடினார். எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்கள். முனிவர் ஈரமில்லாத துணியோடு திரும்பி வந்தார். ராஜா ஒரு கவளம் வாயில் வைத்ததும் மைக் அணைந்தது.

இருசம்மாள் வெட்டிக் கொடுத்த அதே ஒரு நிமிஷ நாடகம். கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும்.

கீழே இறங்கி வந்ததும் மூச்சு வாங்க மனைவியிடம்தான் போனார். "எடுத்தியா இருசு? மொகம் நல்லா விழுந்துச்சா?"

"மெமரி ஃபுல்லுங்க."

"இப்பவுமா?"

"மூணு மணி நேரம் ஒங்க காலையே எடுத்தா, என்ன மிஞ்சும்? ஒரு நிமிசம் போதும்னு நான் அன்னிக்கே சொன்னன்ல?"

சிங்காரவேலு குனிந்து மேடை ஓரத்தில் செருப்பைத் தேடினார். அதை யாரோ ஒரு ரசிகர் கொண்டுபோயிருந்தார்.