கருவாடு வறுக்கும் ஞாயிறு

ஆவடியில் நாங்கள் இருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் கருவாடு வறுக்கத் தடை இல்லை. சொல்லிவிட்டு வறுக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா பின்பக்க மதில் மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, துணிய எடுத்துடுங்க, இன்னிக்கு நெத்திலி" என்பார். அடுத்த வீட்டுக் கோயம்புத்தூர் அக்கா கொடியைக் காலி செய்வார். சில நாள், "இன்னைக்கு வேண்டாங்க அக்கா, ஊட்டுல கிருத்திகை" என்பார். அம்மா பொட்டலத்தை மறுபடி கட்டி வைத்துவிடுவார். இதை யாரும் எங்கும் எழுதி ஒட்டியதில்லை. பள்ளி விட்டு வரும்போது காலியான கொடிகளைப் பார்த்தே எந்த வீட்டில் கருவாடு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. இருவரும் வானகரத்தில் என்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன்: லிஃப்ட், பக்கத்திலேயே மருத்துவமனை, அப்பா நடக்க உள்ளேயே பாதை, அம்மாவுக்குத் தனி அறை. அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அங்க கருவாடு வறுக்க விடுவாங்களா?"

அடுக்ககத்தின் விதிகளில் கடும் வாசனைச் சமையல் கூடாது என்று ஒரு வரி இருந்தது. சொன்னேன்.

"பக்கத்து ஊட்டுல கேட்டியா?"

கேட்டேன், எனக்குத் தெரிந்த முறையில். அலுவலகத்தில் சர்வரை நிறுத்துமுன் அறிவிப்பு அனுப்புவோம். அதே பாணியில் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "ஞாயிறு முற்பகல் எங்கள் வீட்டில் கருவாடு வறுக்கப்படும். பாதிக்கப்படும் பகுதி: காற்றோட்ட டக்ட்டை ஒட்டிய வீடுகள். ஜன்னல்களைச் சாத்தி, துணிகளை எடுத்துவைக்கவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"இன்னாமா, கரண்ட் கட் நோட்டீஸ் மாதிரி கீது!" என்றார் மூன்றாம் மாடி அண்ணன். "சாப்பாட்டுக்கு எத்தினி பேர் வரலாம்?" அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அந்த விதியை மட்டும் குழுவில் ஒட்டினார்.

ஞாயிறன்று வீட்டைப் பார்க்க அப்பாவோடு வந்த அம்மா வாணலியை அடுப்பில் வைத்தபோது அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுப் பெண்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு மூணாவது மாசம். எங்க பெட்ரூம் ஜன்னல் டக்ட்ல இருக்கு, சாத்தினாலும் வாசனை வருது. குரூப்ல எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

எனக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தார். "மசக்கையா கண்ணு? கதவத் தட்டிக் கேளுன்னா, இவ ஊருக்கே தண்டோரா போட்டுக்கினு இருக்கா. என்ன சாப்ட்டா வயித்துல நிக்குது?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்று அவளோடு வெகு நேரம் பேசினார். அன்று நாங்கள் ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம்.

அம்மா இருந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

மாலையில் சொன்னார்: "நல்ல பொண்ணு. இங்க இருந்தா அவளுக்காக வறுக்க மாட்டேன். அப்பால இன்னொருத்தருக்காக. வறுக்காமயே பழகிடும்."

"ஒரு கருவாட்டுக்காகவா தனி ஊடு?" என்றார் அப்பா.

"ஆமா. இத்தினி வருஷம் ஃபேக்டரி ஊட்டுல இருந்தாச்சு. இனிமே என் ஊடு."

மண்ணூர்பேட்டையில் அவர்களுக்குத் தரைத்தள வீடு ஒன்று கிடைத்தது. அம்மாவுக்கென்று நான் வாங்கிப் போட்ட கட்டிலில் இப்போது துணி மடித்து வைக்கிறேன். எதிர் வீட்டுப் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா எப்போது வருவார் என்று கேட்கிறாள்.