செவ்வந்திக்கு இருட்டு வேண்டும்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்க ஊரான ரிச்சர்ட்சனில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, செடிகளை ஸ்ப்ரிங்க்ளர் தலையில் கட்டிவிட்டு ஏ.சி. அறையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள். இன்னொரு வகை ஜெயசெல்வி.

காலை ஆறரைக்கே தொப்பியும் கையுறையுமாக இறங்கிவிடுவாள். கோடையில் களைத்துப்போன சால்வியாவை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவாள். ரோஜாவில் காய்ந்த பூக்களைக் கிள்ளுவாள். வேரடியில் மரச்சீவல் பரப்புவாள். சாயங்காலம் நாலு மணிக்கு இலைகள் தொங்கினால் பதற மாட்டாள். அது வெயிலுக்குச் செடி போடும் நாடகம், மறுநாள் காலையிலும் தலை தொங்கினால்தான் நிஜமான தாகம் என்பாள். தூத்துக்குடிக்காரி, வெயிலிடம் ஏமாறுவாளா? மருந்துக் கடையில் டெக்னீஷியன் வேலை. மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அதே கறாரோடுதான் செடிகளையும் நடத்தினாள். அந்தக் கறாருக்கு மசியாதது செவ்வந்தி மட்டும்தான்.

அவள் கணவர் டென்னிஸ் இரண்டரை வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ச் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். வயது ஐம்பத்து மூன்று. அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது ஜெயசெல்வி கடையிலிருந்து நாலு தொட்டி செவ்வந்தி வாங்கிப் போய் வைத்தாள். பக்கத்துக் கல்லறைகளில் மெக்சிகோக்காரக் குடும்பங்கள் கூடை கூடையாகப் பூவைக் கொட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, செத்தவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விலைச்சீட்டு ஒட்டியிருந்த தன் தொட்டிகளைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திருநாள் முடிந்ததும் தொட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தாள். இங்கே எல்லோரும் பூ வாடியதும் செவ்வந்தியைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருடா வருடம் தழைக்கிற செடி அது. வாசல்படி ஓரத்தில் நாலையும் நட்டாள். அடுத்த வருஷம் நம்ம வீட்டுப் பூ கொண்டு வருகிறேன் என்று டென்னிஸிடம் சொல்லியும் விட்டாள்.

அடுத்த வருடம் நாலு செடிகளும் கீரைப் பாத்தி மாதிரி மண்டின. மொட்டு மட்டும் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி மறுபடி கடைத் தொட்டியோடு போய் நின்றாள். அதற்கப்புறம் மிளகு மிளகாக நாலைந்து மொட்டு எட்டிப் பார்த்தது. டிசம்பர் பனி அதையும் கருக்கிவிட்டது.

இந்த வருடம் விடுவதில்லை என்று தீர்மானித்தாள். ஜூலை பதினைந்து வரை நுனி கிள்ளினாள். அதற்குப் பிறகு கை வைத்தால் மொட்டு போய்விடும் என்று காலண்டரில் வட்டம் போட்டு நிறுத்தினாள். அளந்து உரம் வைத்தாள், விடியற்காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டாள். ஆகஸ்ட் முடியப்போகிறது, கடைகளில் செவ்வந்தி மொட்டு கட்டி வந்து இறங்கிவிட்டது. அவள் வீட்டில் இலைதான். டென்னிஸுக்குக் கொடுத்த ஒரே ஒரு வாக்கு, அதையும் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுகையே வந்தது.

அந்த வாரம், இருட்டத் தொடங்குகிற நேரத்தில் கிருபைராஜ் வந்தார். டென்னிஸோடு வேலை பார்த்தவர், ஓசூர்க்காரர். வீட்டில் காய்த்த கத்தரிக்காயைக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று செடியைப் பார்த்தார், பிறகு அதற்கு நேர் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த லைட்டு ராத்திரி பூரா எரியுதா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"எங்க ஊர்ப் பக்கம் செவ்வந்தித் தோட்டத்துல ராத்திரி வரிசையா பல்பு போடுவாங்க. பூ சீக்கிரம் வர்றதுக்குன்னு நினைச்சியா? வராம இருக்கறதுக்கு! பண்டிகைக்குத் தள்ளிப் போடணும்ல. ராத்திரி நீளமா, நல்ல இருட்டா இருந்தாதான் அது மொட்டு வைக்கும். வெளிச்சம் இருந்துச்சுன்னா கோடை இன்னும் முடியலன்னு நினைச்சுக்கிட்டு இலையா விட்டுட்டே இருக்கும். நீ லைட்ட ஆஃப் பண்ணிடு, அவ்வளவுதான் விஷயம்."

"அது செக்யூரிட்டிக்குப் போட்டதுண்ணே" என்றாள் ஜெயசெல்வி.

பொய். டென்னிஸுக்கு டெலிகாம் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட், வீடு திரும்ப இரவு ஒரு மணி ஆகும். அவருக்காகப் போடுகிற விளக்கு அது. அந்த மார்ச் மாத நாளிலும் போட்டுவிட்டுத்தான் சமைக்கப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, அப்படியே ஓடினாள். மறுநாள் திரும்பி வந்தபோது பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அணைக்கவே இல்லை. பல்பு போனால் அன்றைக்கே புதுசு மாட்டுவாள். மகள் ரெபெக்கா ஒருமுறை தெரியாமல் அணைத்துவிட்டு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கப்புறம் அந்த ஸ்விட்சின் பக்கம் யாரும் போகவில்லை.

கிருபைராஜ் போனதும் ஜெயசெல்வி நிறைய யோசித்தாள். செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றால் இந்த வெயிலில் நிச்சயம் செத்துவிடும். ஆகவே செடிக்குத் தனியாக இருட்டு தயாரிப்பது என்று முடிவு செய்தாள். நாலு குச்சி நட்டு, கறுப்புப் படுக்கை விரிப்பு இரண்டைத் தைத்துச் சேர்த்து, துணிக்கிளிப் போட்டு, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மூடினாள். காலை ஏழுக்குத் திறந்தாள். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் தீர்கிற வேலைக்கு இத்தனை பாடு.

எதிர்வீட்டு பாலசுப்ரமணியன் நடைப்பயிற்சிக்குப் போகும்போது நின்று கேட்டான்: "ஆன்ட்டி, உள்ள யாரையாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். துணிக்குள்ளே செடி வெந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் அடி இலைகள் மஞ்சளடித்தன. ஆறாம் நாள் சாயங்காலம் அடித்த காற்றில் குச்சி சாய்ந்து, துணி சரிந்து, இருப்பதிலேயே பெரிய செடி அடியோடு முறிந்தது.

பக்கத்து யுனிவர்சிட்டியில் படிக்கும் ரெபெக்கா அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்தாள். முறிந்த செடியையும் அதன் பக்கத்தில் குந்தியிருந்த அம்மாவையும் பார்த்தாள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஒன் ஸ்விட்ச்" என்றாள் மெதுவாக.

"உனக்கு என்னடி தெரியும்? இருட்டுல அப்பா எப்படி வருவாங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஜெயசெல்வியின் காதில் விழுந்தது. இரண்டரை வருடமாக இதைத் தனக்குள்ளே கூட அவள் சொல்லிக்கொண்டதில்லை. அடக்கம் செய்தவள் அவள், கல்லில் பெயர் வெட்டக் கொடுத்தவள் அவள், மாதாமாதம் பூசைக்குப் பெயர் கொடுப்பவளும் அவள்தான். ஆனாலும் வீட்டு வாசலில் அவருக்காக ஒரு கணக்கைத் திறந்தே வைத்திருந்தாள். ரெபெக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கறுப்புத் துணியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அம்மாவும் மகளும் அங்கேயே வெகுநேரம் அழுதார்கள்.

உள்ளே போனதும் ஜெயசெல்வி ஸ்விட்சைத் தட்டினாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது. பாலசுப்ரமணியன்.

"ஆன்ட்டி, உங்க போர்ச் லைட் எரியலையே. எல்லாம் ஓகேவா?"

"பல்பு போயிடுச்சு தம்பி."

"நாளைக்கு ஏணி எடுத்துட்டு வந்து மாத்திக் குடுத்துடறேன்."

"வேண்டாம் தம்பி. இருக்கட்டும்."

முதல் சில இரவுகள் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. அது அவளுக்குக் குற்றமாகவும் பட்டது. செப்டம்பர் கடைசியில் ஒருநாள் காலை, இலைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. மூன்று செடிகளிலும் இருந்தது. சந்தோஷத்தில் ரெபெக்காவைக் கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடாமல் கொஞ்ச நேரம் தனியாகவே எண்ணிக்கொண்டு நின்றாள்.

நவம்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. எல்லா மொட்டும் விரிந்துவிடவில்லை. பதினாலு பூதான், மஞ்சள் நிறம், சிலது ஒரு பக்கம் கோணல். கடைப் பூவின் பக்கத்தில் வைத்தால் எடுபடாது. ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். ரெபெக்கா காரை ஓட்டினாள்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார். மெக்சிகோக்காரர்கள் கிட்டார் வாசித்தார்கள். ஜெயசெல்வி முட்டி போட்டு, கல்லில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்துவிட்டு, பூவை வைத்தாள். கடந்த இரண்டு வருடமும் மனசுக்குள்ளேதான் பேசினாள். இன்றைக்கு மகள் காதில் விழுகிற மாதிரியே பேசினாள்.

"ஏங்க, வாசல் லைட்ட அணைச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க வரமாட்டீங்கன்னு நான் ஒத்துக்கிட்ட பிறகுதாங்க இது பூத்துச்சு."